அளவு யாருடையது?
‘சமைத்துப் பார்’ முதல் மராத்வாடா அடுப்படி வரை

1

எங்கம்மாவிடம் ஒரு நாள், “உப்புக்கண்டத்துக்கு எவ்வளவு உப்பு போடணும்?” என்று கேட்டேன். கையில் நோட்டும் பேனாவும் வைத்திருந்தேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எவ்ளோ கறி கெடச்சிதுன்னு சொல்லு, அப்புறம் உப்பு சொல்றேன்” என்றது. ஒரு கிலோ என்று வைத்துக்கொள் என்றேன். “நமக்கு யாரு பாப்பா அப்பல்லாம் கிலோ போட்டுக் குடுத்தாங்க? கூறு போட்டுத்தான் குடுத்தாங்க” என்றது.

நோட்டில் அன்றைக்கு ஒரு வரியும் எழுதவில்லை. எம்.ஏ. தமிழ் படித்தவள் நான். செய்முறை என்றால் அளவு, நேரம், பக்குவம் என்று வரிசையாக வர வேண்டும் என்று பழகிப்போன மூளை. அம்மா சொன்னதை ஒரு பதிலாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஷாஹு பாட்டோளேவின் புத்தகத்தைப் படித்தபோதுதான், அதுதான் முழுப் பதில் என்று உறைத்தது. நமக்குச் செய்முறை அடுப்பில் தொடங்குவதில்லை. கூறு போட்டவன் கையில் தொடங்குகிறது.

பாட்டோளே மராத்வாடாக்காரர். மத்திய அரசின் தகவல் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். 2015இல் மராத்தியில் ‘அன்ன ஹே அபூர்ண பிரம்மம்’ என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். பூஷண் கோர்காவ்கர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு ‘தலித் கிச்சன்ஸ் ஆஃப் மராத்வாடா’ என்ற பெயரில் 2024இல் வந்தது. ஓசூரில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் வாசிப்பு வட்டத்தில் அந்த ஆங்கிலப் புத்தகத்தை ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தோம். வந்தவர்களில் பாதிப்பேர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து உட்கார்ந்தவர்களும் உண்டு. சமையல் புத்தகம் ஒன்றைப் படித்து இத்தனை பேர் சண்டை போட்டுக்கொள்வார்கள் என்று நான் நினைத்ததில்லை.

2

அந்தப் புத்தகத்தைப் பேசுவதற்கு முன்னால் நம்மூர்ப் புத்தகம் ஒன்றைப் பேச வேண்டும். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. முதல் பாகம் 1951இல் வந்தது. பிறகு இரண்டு, மூன்று என்று பாகங்கள் வந்தன. ஆங்கிலத்துக்கும் போனது. கல்யாணப் பெண்ணுக்குச் சீரோடு வைத்துக் கொடுக்கிற புத்தகம் என்று பெயர் வாங்கியது. தமிழில் சமையல் எழுத்து என்றால் இன்றைக்கும் அங்கிருந்துதான் கணக்கு தொடங்குகிறார்கள்.

மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் என்கிற உறவினர் தூண்டியதால் எழுத ஆரம்பித்தார். பார்ப்பனக் குடும்பத்தில் விதவைக்கு அந்தக் காலத்தில் என்ன இடம் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்லது கெட்டதில் முன்னால் நிற்கக்கூடாத ஒரு பெண், தன் கைப்பக்குவத்தை அச்சில் ஏற்றி, தன் பெயரைப் போட்டு விற்றார் என்பது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பெண்ணை எதிரியாக நிறுத்துவது என் நோக்கம் இல்லை.

நான் கேட்பது அந்தப் புத்தகம் தனக்குத் தேவையே இல்லை என்று விட்டுவிட்ட விஷயங்களைப் பற்றி. அதன் பழைய பதிப்புகளில் அளவு ஆழாக்குக் கணக்கில் வரும். ஆழாக்குப் பருப்பு என்று எழுதுகிறவருக்கு வீட்டில் பருப்பு இருக்கிறது. நாளைக்கும் இருக்கும். மளிகை அலமாரி நிறைந்த பிறகுதான் அளவு என்பதே பிறக்கிறது. அது தவறு இல்லை. ஆனால் அது எல்லோருடைய அடுப்படியும் இல்லை.

இன்னொன்று, தலைப்பு. ‘சமைத்துப் பார்.’ யாருடைய சமையல் என்று அந்தத் தலைப்புக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மரக்கறி மட்டுமே உள்ள, ஒரு சாதியின் வீட்டுச் சமையல், அடைமொழி இல்லாமல் ‘சமையல்’ என்றே நடமாட முடிந்தது. 1957இல் திருவல்லிக்கேணியில் ஓட்டல் போர்டில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துப் பெரியாரின் ஆட்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். அந்தச் சொல் போர்டிலிருந்து மெல்ல மறைந்தது. ‘உயர்தர சைவ உணவகம்’ மட்டும் எல்லா ஊரிலும் நிற்கிறது. ஓசூர் பஸ் நிலையத்தில் இறங்கி நாலா பக்கமும் பாருங்கள். உயர்தரம் என்று ஒன்று இருந்தால் தாழ்தரம் எது? போர்டில் எழுதாமலே எல்லோருக்கும் தெரிகிறது.

ஆக, அவர்களுடையது சமையல். நம்முடையது எழுதப்பட வேண்டுமென்றால் ‘தலித் சமையல்’ என்று அடைமொழி போட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. பாட்டோளேவின் ஆங்கிலத் தலைப்பிலும் அது வந்துவிட்டது. மராத்தித் தலைப்பு வேறு வேலை செய்கிறது. ‘அன்னமே பூர்ண பிரம்மம்’ என்பது மராத்தி வீடுகளில் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லும் தொடர். அதில் ஓர் எழுத்தைச் சேர்த்து, அபூர்ணம், நிறைவு பெறாதது என்று ஆக்கிவிட்டார். எங்கள் தட்டைச் சேர்க்காத பிரம்மம் எப்படி முழுமை ஆகும் என்று கேட்கிறார். புத்தகம் முழுக்க நடக்கிற வாதம் அந்த ஒரே எழுத்துக்குள் அடங்கியிருக்கிறது.

3

அந்தப் புத்தகத்தை எந்த அலமாரியில் வைப்பது என்று புத்தகக் கடைக்காரருக்குக் குழப்பம் வரும். சமையல் குறிப்பு இருக்கிறது. தன் வாழ்க்கை இருக்கிறது. மகர், மாங் என்ற இரண்டு சமூகங்களின் பழக்கவழக்கம் இருக்கிறது. சாஸ்திரங்களோடும் பக்தி மரபோடும் சண்டை இருக்கிறது. ஒரு குறிப்பைச் சொல்லிக்கொண்டே வந்து, அந்தப் பண்டம் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எந்த வேலைக்குக் கூலியாக வந்தது என்று போய்விடுகிறார். இது கட்டுக்கோப்பு இல்லாமை என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படிப் படவில்லை. அந்தக் கதையை நீக்கிவிட்டால் அந்தப் பண்டம் இல்லை.

மாட்டின் எந்தப் பாகமும் வீண் போகாமல் சமைத்த விதம் அதில் வருகிறது. ரத்தத்தை வேகவைத்துச் சமைப்பது வருகிறது; நம் பக்கத்து ரத்தப் பொரியல் போலத்தான். ‘சான்யா’ என்று ஒன்று. கறியை நீளநீளமாகக் கீறி வெயிலில் காயவைத்து எடுத்து வைத்துக்கொள்வது. அதைப் படித்த அன்றைக்கு எங்கள் வட்டத்தில் ஒரே சத்தம். “அக்கா, இது நம்ம உப்புக்கண்டம்!” தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் தோழர் ஒருவர், அவர் வீட்டில் முள்வேலியில் கறியைக் கோத்துக் காயப்போட்டு, காக்காய் விரட்டத் தன்னை உட்காரவைத்த கதையைச் சொன்னார். அதை வெந்நீரில் ஊறவைத்து, இடித்து, கத்தரிக்காயோடு குழம்பாக்கி, கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொள்வதை இன்னொருவர் சொன்னார். தெலுங்கு பேசுகிற தோழர் அதே களியைச் சங்கடி என்றார். கன்னடம் பேசுகிறவர் முத்தே என்றார். மூன்று மொழி, ஒரே உருண்டை. மராத்வாடாவில் சோள ரொட்டி, இங்கே களி. நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கிற ஊரின் அடுப்பும் நம் அடுப்பும் ஒரே பிழைப்பைப் பிழைத்திருக்கின்றன.

இல்லாததைப் பற்றிய பக்கங்கள்தான் எனக்கு முக்கியம். எண்ணெய் கொஞ்சம். நெய், பால் இவையெல்லாம் அந்த வீடுகளின் அன்றாடத்தில் இல்லை. தாளிக்காத குழம்பை ருசி தெரியாதவர்களின் குழம்பு என்று சொல்பவர்களுக்கு, எண்ணெய் வாங்கக் காசு இல்லாத வீட்டின் குழம்பு என்று திருப்பிச் சொல்கிறார். சமையல் கலையின் வரலாற்றில் பட்டினிக்கும் ஓர் இடம் கொடுக்கிறார்.

குணம் பற்றிய சண்டையும் நம் பத்திரிகை வாசகர்கள் அவசியம் படிக்க வேண்டியது. கீதையின் 17ஆம் அத்தியாயம் உணவைச் சாத்வீகம், ராஜசம், தாமசம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஆறிப்போனதும், பழையதும், பிறர் தின்று மீந்த எச்சிலும் தாமச குணத்தாருக்குப் பிரியமானவை என்கிறது. மனுவின் 10ஆம் அத்தியாயமோ மீந்த சோற்றைச் சூத்திரனுக்குக் கொடு என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கையால் எச்சிலைக் கொடுக்கிறார்கள். இன்னொரு கையால், எச்சில் தின்கிறவன் குணம் கெட்டவன் என்று எழுதி வைக்கிறார்கள். பிரியமானதாம்! யாருக்குப் பிரியம்? பழைய சோற்றுக்காகக் கொல்லைப்புறம் காத்துக்கொண்டு நின்ற எங்கள் பாட்டி அதைப் பிரியப்பட்டா வாங்கிக்கொண்டு வந்தது?

இந்தக் குணக்கணக்கு பழைய ஏட்டில் மட்டும் இல்லை. ப்ளஸ் டூ முடித்து ஒரு வருஷம் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பயிற்சித் தொழிலாளியாக இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். உப்புக்கண்டக் குழம்பு வாசனை எழும்பியது. பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராகத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் சூப்பர்வைசர் கூப்பிட்டு, “இனிமே இந்த மாதிரியெல்லாம் கொண்டாராதம்மா, கம்ப்ளைன்ட் வருது” என்றார். அடுத்த நாளிலிருந்து தயிர்சோறு கொண்டுபோனேன். தயிர் வாங்கத் தனியாகக் காசு கேட்டபோது அம்மா காரணம் கேட்கவில்லை. அதற்குத் தெரிந்திருக்கும். அதுவும் அப்போது இன்னொரு கம்பெனிக் கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது. பதினான்கு வருஷம் கழுவியது. இருநூறு பேருக்குக் களி கிண்டிப் போடத் தெரிந்த கை. அடுப்புப் பக்கம் ஆள் குறைந்த நாளில்கூட ஒப்பந்தக்காரர் அதைக் கரண்டி பிடிக்க விட்டதில்லை.

2018இல் அவிநாசி வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஊரே திரண்டு வந்து நின்றது. அவரை இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் உத்தரவு திரும்பியது. ‘சமைத்துப் பார்’ என்று நம்மைப் பார்த்து யாரும் சொல்வதில்லை. சமைத்தால் என்ன ஆகும் பார் என்றுதான் சொல்கிறார்கள்.

4

எங்கள் வட்டத்தில் பெரிய சண்டை வேறு இடத்தில் வந்தது. வயதில் மூத்த தோழர் ஒருவர், அம்பேத்கர் மன்றம் நடத்தியவர், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: “அண்ணல் எதை விடச் சொன்னாரோ அதையே நாம புத்தகமாப் போட்டுப் பெருமை பேசணுமா?”

லேசான கேள்வி இல்லை. 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில் அம்பேத்கர், செத்த மாட்டின் கறியைத் தின்பதை விடுங்கள், மீந்த சோற்றுக்குக் கை நீட்டுவதை விடுங்கள் என்றார். குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிய அதே மாநாடு. 1948இல் ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில், தீண்டாமையின் வேரையே மாட்டுக்கறியோடு சேர்த்து ஆராய்ந்தார். நம் சேரிகளிலும் எத்தனையோ ஊரில் செத்த மாடு தூக்க மாட்டோம் என்று மறுத்து, அதற்காக அடி வாங்கி, ஊர் வேலை இழந்து, நிலைத்து நின்றார்கள். அந்த மறுப்பு நம் இயக்கத்தின் முதல் வேலைநிறுத்தம். அதை மறந்துவிட்டு, ‘பாரம்பரிய உணவு’ என்று நட்சத்திர ஓட்டல் மெனுவில் நம் பட்டினியைப் போட்டு விற்பதற்கு ஒரு புத்தகம் வழி செய்தால், அந்தப் புத்தகம் வேண்டாம்.

ஆனால் பாட்டோளே அதைச் செய்யவில்லை என்பது என் வாசிப்பு. அம்பேத்கர் மறுக்கச் சொன்னது ஒரு கட்டாய ஊழியத்தை. மாடு செத்தால் நீதான் தூக்க வேண்டும், கூலி கிடையாது, கறியே கூலி என்கிற ஏற்பாட்டை. அந்த ஏற்பாடு எப்படி இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால், மறுப்பு எவ்வளவு பெரியது என்று நம் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? மறுக்கப்பட்ட ஒன்றைப் பதிவு செய்வதும் அதற்குத் திரும்பிப் போவதும் ஒன்றல்ல. இன்றைக்குக் கடையில் காசு கொடுத்து ஒருவர் வாங்குகிற மாட்டுக்கறி அந்த ஏற்பாட்டைச் சேர்ந்தது அல்ல. அது அவர் விருப்பம், அவர் புரதம், அவர் காசு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவது யாருக்கு வசதி என்று யோசிக்க வேண்டும்.

மூத்த தோழர் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. “எழுது. ஆனா ருசியா எழுதாதே” என்றார். அந்த வார்த்தை என்னை இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ருசியாகத்தானே இருந்தது? அம்மா செய்த உப்புக்கண்டக் குழம்பு ருசியாகத்தான் இருந்தது. கட்டாயத்தில் வந்த கூறிலிருந்து ருசியை எடுத்தது அந்தக் கையின் திறமை. கூறு போட்டவனுக்கு அதில் பங்கு கிடையாது. அவமானத்தை எழுதினால் ருசியை மறைக்க வேண்டும், ருசியை எழுதினால் அவமானத்தை மறைக்க வேண்டும் என்று ஏன் இருக்க வேண்டும்? பாட்டோளே இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துவிடுகிறார். அவர் புத்தகத்தின் பலம் அதுதான்.

5

குறை இல்லாத புத்தகம் அல்ல. எழுதியவர் ஆண். அடுப்பு ஊதியவர்கள் பெண்கள். சாப்பிட்டவனின் நினைவு நிறைய இருக்கிறது. எல்லோரும் தின்ற பிறகு சட்டியை வழித்துத் தின்றவளின் குரல் எனக்குப் போதுமான அளவு கேட்கவில்லை. 2009இல் புனே பல்கலைக்கழகத்தின் பெண்ணியல் மையத்தில் ஷர்மிளா ரெகேயும் அவருடைய மாணவர்களும், ‘இந்தத் தட்டு இந்தியத் தட்டு இல்லையா?’ என்று பொருள்படும் தலைப்பில் தலித் உணவு நினைவுகளைத் தொகுத்தார்கள். பாட்டோளேவோடு அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்னொன்று நம்மைப் பற்றியது. பாட்டோளே மகர், மாங் என்று இரண்டு சமூகங்களையும் ஒரே புத்தகத்தில் வைக்கிறார். அந்தத் துணிச்சல் நம்மிடம் இருக்கிறதா? எங்கள் தெருவில் நான் சின்ன வயதில் பார்த்ததைச் சொல்கிறேன். அருந்ததியர் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்கள் பெரியவர்கள் போவார்கள், மொய் வைப்பார்கள், “வீட்ல ஆக்கி வெச்சிட்டு வந்துட்டோம்” என்று சொல்லிச் சாப்பிடாமல் திரும்புவார்கள். ஊர்க்காரன் நம் வீட்டில் சொல்கிற அதே பொய். எங்கம்மாவும் சொல்லியிருக்கிறது. நம் சமையல் புத்தகத்தில் இந்தப் பக்கம் இல்லாவிட்டால் அதுவும் ஒரு ‘சமைத்துப் பார்’ ஆகிவிடும்; தன் தெருவை மட்டுமே உலகம் என்று நினைக்கிற புத்தகம்.

6

இதையெல்லாம் ஓசூரில் உட்கார்ந்து பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிருந்து அத்திப்பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் போகலாம். நடுவில் ஒரு மாநில எல்லை. கர்நாடகத்தில் 1964ஆம் ஆண்டுச் சட்டம் 12 வயது தாண்டிய எருதை அறுக்க அனுமதித்தது. அதை எடுத்துவிட்டுக் கொண்டுவந்த புதிய சட்டம் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பசு, கன்று, காளை, எருது எதையும் அறுக்கக்கூடாது. 13 வயது தாண்டிய எருமைக்கு மட்டும் விலக்கு. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பாட்டோளேவின் புத்தகம் வந்த அதே 2015இல்தான் மகாராஷ்டிரமும் காளை, எருது வரைக்கும் தடையை நீட்டியது. ஒருவர் தன் அம்மாவின் குழம்பை எழுதி முடிக்கிற நேரத்தில் அந்தக் குழம்பு குற்றமாகிவிடுகிறது. எங்கள் வட்டத்தில் அந்தப் பக்கம் வாடகைக்கு இருக்கிற தோழர்கள், இந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பார்சல் கட்டுவதில்லை.

தமிழ்நாட்டில் அப்படி இல்லை என்று மார்தட்ட முடியாது. பக்கத்து மாவட்டமான திருப்பத்தூரில் 2022 மே மாதம் அரசு நிர்வாகமே ஆம்பூர் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணி மட்டும் கிடையாது என்றார்கள். ஆம்பூரில்! கேள்வி எழுந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். நம் தட்டை மேடையில் ஏற்றுவதைவிட மேடையையே பிரித்துப் போடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டு எழுதுகிறவர்களும் படம் பிடிக்கிறவர்களும் இப்போது பெருகிவிட்டார்கள். கிருஷ்ணகிரி மாம்பழம் வரைக்கும் வருகிறார்கள். சேரிக்குள் வண்டி திரும்புவதில்லை.

எனவே நாமே எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் வட்டத்தில் ஒரு முடிவு எடுத்தோம். ஆளுக்கு ஒரு பண்டம், அதைச் செய்தவரின் வாயாலேயே. அளவு கேட்பதற்கு முன்னால் நான்கு கேள்வி கேட்பது: இது எங்கிருந்து வந்தது? யார் கொடுத்தார்கள்? என்ன வேலைக்கு? கடைசியில் சாப்பிட்டது யார்? மூத்த தோழரும் எழுதுகிறேன் என்றிருக்கிறார். செத்த மாடு தூக்க மறுத்த வருஷம் அவர் ஊரில் என்ன சமைத்தார்கள் என்பதை.

நான் மறுபடியும் அம்மாவிடம் நோட்டோடு உட்கார்ந்தேன். இந்த முறை உப்பைப் பற்றிக் கேட்கவில்லை. கூறு யார் போடுவார்கள் என்று கேட்டேன். அம்மா ரொம்ப நேரம் பேசியது. யார் வீட்டுக்குத் தொடைக்கறி போகும், யார் வீட்டுக்குக் குடல் வரும், தாத்தா எந்த வருஷம் கூறு வாங்கப் போகமாட்டேன் என்று சொன்னார், அதற்கு அப்புறம் எத்தனை நாள் வீட்டில் வெறும் கீரையும் களியும் என்று. பதினோரு பக்கம் எழுதினேன்.

எழுந்து போகும்போது அதுவாகவே சொன்னது: “ஒரு கூறுக்கு ரெண்டு கை கல்லுப்பு. மஞ்சத்தூளு கொஞ்சம். மூணு நாள் வெயிலு. எழுதிக்க.”